மீதியின் கணக்கு

தன் நிலத்தில் தானே திராட்சை விளைவித்து, அதைத் தன் கொட்டகையிலேயே ஒயினாக்கி, தானே புட்டியில் அடைத்து விற்கும் ஒரு குடும்பப் பண்ணையில் நான் ஆறு அறுவடைக் காலங்கள் வேலை பார்த்தேன். நிலம் 3 ஹெக்டேர்தான். விளைச்சல் நன்றாக அமைந்த ஆண்டில் 20 டன் திராட்சை வரும். டன்னுக்கு ஏறக்குறைய 700 லிட்டர் தேறும் என்பதால், ஓர் ஆண்டின் உழைப்பு முழுவதும் 14,000 லிட்டருக்குள் அடங்கிவிடும். 750 மில்லி புட்டிகளாகச் சொன்னால் பதினெட்டாயிரத்துச் சொச்சம்.

நுண்ணுயிரியல் படித்தவன் என்பதால், அங்கே என்னிடம் ஈஸ்டைப் பற்றியும் அமிலத்தைப் பற்றியும்தான் கேட்பார்கள் என்று எண்ணிப் போனேன். அறுவடை நாட்களில் ஒவ்வொரு மாலையும் அந்தக் குடும்பத்தினர் தங்களுக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி வேறாக இருந்தது: இன்று வந்தது எந்தக் கலத்தில் கொள்ளும், எவ்வளவு மிஞ்சும்?

பெரிய ஆலைகளில் எல்லா அளவிலும் தொட்டிகள் இருக்கும். போதாவிட்டால் இரண்டு தோட்டங்களின் ஒயினை ஒன்றாக்கிவிடுவார்கள். சிறு பண்ணையில் கலங்கள் கைவிட்டு எண்ணக்கூடியவை. கொடியோ கலத்தின் அளவைப் பார்த்துக் காய்ப்பதில்லை. ஒருமுறை மேட்டு நிலத்துச் சிவப்பு ஒயின் 2,600 லிட்டர் வந்தது. தொட்டியில் 2,000 போயிற்று. 225 லிட்டர் பீப்பாய்கள் இரண்டில் 450. மிஞ்சிய 150 லிட்டரை 54 லிட்டர் கண்ணாடிக் குடுவைகள் இரண்டிலும், பிறகு 25, 10, 5 லிட்டர் குடுவைகளிலும் கழுத்துவரை நிரப்பினோம். கடைசியில் நின்றது 2 லிட்டர். அதையும் சிறு புட்டிகளில் அடைத்து, எந்த நிலத்தது, எந்த நாளையது என்று ஒட்டுத்தாளில் எழுதி வைத்தார்கள். இவ்வளவு பாடு எதற்கு என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

நொதிக்கும்போது கலத்தில் காலி இடம் இருந்தே ஆகவேண்டும். ஒரு லிட்டர் சாறு நொதித்து முடிவதற்குள் 50 லிட்டருக்கும் மேற்பட்ட கரியமில வாயுவை வெளிவிடும். அது திராட்சைத் தோலையெல்லாம் மேலே தள்ளித் தடித்த படலமாக நிறுத்தும். அந்த வாயு காற்றைவிடக் கனமானதாகையால் நிலவறையின் தரையில் தேங்கும். மெழுகுவத்தி எரிகிறதே என்று நம்பி இறங்கக் கூடாது, சுடர் அணைவதற்கு முன்பே மனிதன் மயங்கி விழுந்துவிடுவான் என்பது அங்கே முதல் நாளே எனக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கை. ஆனால் நொதித்தல் அடங்கி, வாயு நின்றதும், அதுவரை தேவையாக இருந்த அதே காலி இடம் ஒயினுக்குப் பகையாகிவிடுகிறது. அங்கே புகும் காற்றில்தான் சாராயத்தைக் காடியாக்கும் அசெட்டிக் பாக்டீரியா பெருகும். ஒயின் கெடுவதற்கு நுண்ணுயிரிகளே காரணம் என்று பாஸ்டர் 1866-இல் நூலாக வெளியிட்டதைப் பாடமாகப் படித்துத் தேர்ந்தவன் நான். படித்தது வேறு, கைப்பட்டது வேறு என்பதை இரண்டாம் ஆண்டில் அறிந்தேன்.

அந்த ஆண்டு 500 லிட்டர் சிவப்பு ஒயின் மிஞ்சியது. பீப்பாய்கள் எல்லாம் நிறைந்துவிட்டதால், அதை 800 லிட்டர் தொட்டியில் விட்டு, மேலுள்ள இடத்தில் நைட்ரஜன் வாயுவைச் செலுத்தி, மூடியை இறுக்கிவிட்டு, பிழியும் வேலைக்குப் போய்விட்டேன். இரவுக் குளிரில் ஒயினும் வாயுவும் சுருங்க, மூடியின் ரப்பர் விளிம்பு வழியே வெளிக்காற்று சிறிது சிறிதாக உள்ளே இழுக்கப்படும் என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. பத்தொன்பதாம் நாள் திறந்தபோது, ஆறிய பாலின் மேல் படியும் ஆடையைப் போல வெள்ளையாகச் சுருக்கம் விழுந்த ஏடு ஒன்று படர்ந்திருந்தது. குனிந்தால் காடி நெடி. அதனூடே நகப்பூச்சின் வாடை. காடிப் புளிப்பின் அளவுகோலான ஆவியாகும் அமிலம் லிட்டருக்கு 1.1 கிராம் இருந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் சிவப்பு ஒயினுக்கு வகுத்துள்ள உச்ச அளவு 1.2 கிராம். ஆகவே, எழுத்தளவில் அது இன்னும் ஒயின்தான். நான் உடனே கணக்குப் போட்டேன்: 0.4 கிராம் உள்ள நல்ல ஒயின் 4,500 லிட்டரில் இதைக் கலந்தால் மொத்தமும் 0.47 கிராமில் நிற்கும். எந்த நாக்கும் கண்டுபிடிக்காது. அதற்கு முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் அப்படித்தான் செய்திருப்பார்கள். குடும்பத்தின் மூத்த அம்மையார் ஒரு வாய் சுவைத்துவிட்டு மறுத்தார். அமிலம் குறையலாம், பாக்டீரியா குறையுமா என்று கேட்டார். பீப்பாயின் மரத்துக்குள் ஒயின் பல மில்லிமீட்டர் ஆழம் ஊறி நிற்கும். அந்தத் துளைகளுக்குள் ஒருமுறை குடியேறியதை எந்த வெந்நீரும் முழுதாகக் கழுவி எடுக்காது. பாடம் படித்த நான் சொல்லியிருக்க வேண்டிய விடையை அவர் சொன்னார். அந்த 500 லிட்டரும் நிலத்தின் மறுகோடியிலிருந்த கொட்டகைக்குக் காடியாக்கப் போனது. ஒயின் இருக்கும் கூரையின் கீழ் காடி இருக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. என்னை ஒருவரும் கடிந்துகொள்ளவில்லை. பதிவேட்டில் அவருடைய கையெழுத்தில் தேதி, தொட்டி எண், அதன்பின் ‘காலி இடம் 300 லிட்டர்’ என்று மட்டும் இருந்தது. என் பெயர் இல்லாதது எனக்கு அதிகமாக உறைத்தது.

அதன்பிறகு வாரந்தோறும் பீப்பாய்களை நிரப்பும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மரத்தின் வழியே ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்கு வரை ஆவியாகிப் போகும். அறை உலர்ந்திருந்தால் நீர் முந்தும், ஈரமாக இருந்தால் சாராயம் முந்தும். எங்களிடம் பீப்பாய்கள் இருபத்திரண்டு. அப்படியானால் ஆண்டுக்கு 100 முதல் 250 லிட்டர் வரை ஈடுகட்டியாக வேண்டும். அது எங்கிருந்து வரும்? அந்தக் கண்ணாடிக் குடுவைகளிலிருந்துதான். தக்கையை இரு பக்கமும் மெல்லத் தட்டி எடுத்து, நீண்ட மூக்குள்ள குவளையால் ஊற்றும்போது, முதலில் ஆழத்தில் விழும் ஒலி கேட்கும். நிறைய நிறைய அந்த ஒலி மெலிந்து, துளையின் விளிம்பில் ஒயின் பளபளத்து எழும்பும் நொடியில் நின்றுவிடும். விளக்குப் பிடிக்காமலே, அந்த ஒலியைக் கொண்டே நிறுத்தப் பழகினேன்.

அவர்களுடைய வெள்ளை ஒயின் எஃகுத் தொட்டியில் குளிர்ச்சியாகவே வளர்ந்தது; கூர்மையான புளிப்பும் தெளிவும் உடையது. சிவப்பு ஒயின் பழைய பீப்பாய்களில் பதினெட்டு மாதம் இருக்கும். ஆனால் நான் மிகவும் விரும்பியது மூன்றாவதை: நிரப்பும் வேலைக்கும் போக எஞ்சிய குடுவைகளை ஒன்றாகச் சேர்த்து ஆண்டின் முடிவில் அடைத்த சில நூறு புட்டிகள். எந்த நிலத்தின் பங்கு எவ்வளவு என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்த ஆண்டு அறுவடை எப்படி நடந்தது என்பதை வேறெதைக் காட்டிலும் அது எனக்கு நேராகச் சொல்லியது.

ஐந்தாம் ஆண்டு, துளிர்த்த பிறகு வந்த பனி விளைச்சலில் பாதியைக் கொண்டுபோயிற்று. பீப்பாய்கள் பன்னிரண்டுதான் நிறைந்தன. மிச்சம் என்று ஒரு குடுவைகூட இல்லை. மாசி மாதத்துக்குள் எல்லாவற்றிலும் மட்டம் இறங்கத் தொடங்கியது. வேறு ஒயினை விலைக்கு வாங்கி ஊற்ற அவர்களுக்கு மனமில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில், நன்றாக இருந்த ஒரு பீப்பாயைத் திறந்து, அதைக் கொண்டு மற்ற பதினொன்றையும் விளிம்புவரை நிரப்பி, எஞ்சியதைக் குடுவைகளில் பகிர்ந்து அடைத்தோம். காலியான பீப்பாயைக் கழுவிக் கவிழ்த்து வடியவிட்டபின், அந்த வீட்டு மகள் கந்தகத் திரி ஒன்றைக் கம்பியில் கோத்துக் கொளுத்தி உள்ளே இறக்கித் தக்கையை அழுத்தி மூடினார். நான் குடுவைகளை எண்ணிப் பதிவேட்டில் எழுதினேன்: 54 லிட்டர் மூன்று, 25 லிட்டர் ஒன்று, 10 லிட்டர் ஒன்று.