லேன் கேபிளில் நெட் விட்டு விட்டு வருகிறதா? எந்த இடத்தில் அறுகிறது என்று தேடிப் பார்த்த குறிப்புகள்

கீழே ஹாலில் ஃபைபர் மோடம். மாடி அறையில் கம்ப்யூட்டர். நடுவில் வெளிச்சுவர் வழியாக ஏறிப் போகும் சுமார் 28 மீட்டர் கேட் 5இ கேபிள். வைஃபையில் இருக்கும் போன்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. கேபிளில் இருக்கும் கம்ப்யூட்டர் மட்டும் திடீரென நெட்டை விட்டுவிடும், சில நொடிகளில் தானாகத் திரும்பி வரும். காலையில் குறைவு, மதியத்துக்கு மேல் அதிகம்.

முழுக்கச் செத்துப்போன இணைப்பைச் சரிசெய்வது சுலபம். இப்படி வந்து வந்து போகும் பழுதுதான் ஆளை அலைக்கழிக்கும். நாம் கை வைக்கிற நேரத்தில் எல்லாம் சரியாக இருக்கும். எதையாவது மாற்றினால் அதனால்தான் சரியாயிற்று என்று தோன்றும். மறுநாள் மறுபடி போகும். அதனால் எதையும் தொடுவதற்கு முன் பதிவு எடுக்க ஆரம்பிப்பதுதான் சரி.

லிங்க் விழுகிறதா, பாக்கெட் விழுகிறதா

லிங்க் என்பது இரு முனைகளுக்கு இடையிலான கம்பித் தொடர்பு, பாக்கெட் என்பது அதில் போகும் தகவல் துண்டு. மூன்று பிங்குகளை (ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) ஒரே நேரத்தில் ஓடவிட வேண்டும். ஒன்று மோடத்துக்கு (பெரும்பாலும் 192.168.1.1), ஒன்று வெளியில் 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கு, இன்னொன்று ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்கு. விண்டோஸ் பிங் பதில் வந்த கடிகார நேரத்தைக் காட்டாது. பவர்ஷெல்லில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் தேதி, நேரம் சேர்த்து ஒரு ஃபைலில் எழுதவைக்க வேண்டும். லினக்ஸில் பிங்கோடு பெரிய டி ஆப்ஷன் சேர்த்தால் போதும். நேரம் இல்லாத பதிவு எதற்கும் உதவாது, ஏனென்றால் மற்ற எல்லா லாகுகளையும் அந்த நேரத்தோடுதான் பொருத்திப் பார்க்கப் போகிறோம்.

மோடத்திடமிருந்து பதில் வந்துகொண்டே இருந்து 8.8.8.8 மட்டும் நின்றால் பழுது வெளி லைனில். அப்போது மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் ஆப்டிகல் ரிசீவ் பவரை (ஃபைபரில் வந்து சேரும் ஒளியின் அளவு) பாருங்கள். வீடுகளுக்கு வரும் ஜிபான் என்ற வகை ஃபைபர் இணைப்புகளில் மைனஸ் 27 டிபிஎம்தான் வழக்கமான அடிமட்டம். மைனஸ் 25-ஐத் தாண்டிப் போனாலே ஃபைபர் எங்கோ மடிந்திருக்கிறது அல்லது கனெக்டரில் அழுக்கு என்று கேபிள்காரரைக் கூப்பிடலாம். இரண்டு எண்களும் பதில் தந்து, பெயர் மட்டும் திறக்காவிட்டால் அது டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவை) விவகாரம். கேபிளைத் தொடவே வேண்டாம்.

இங்கே மூன்றும் ஒரே நொடியில் நின்றன. ஆக, பழுது வீட்டுக்குள்.

அடுத்து விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் லாக். இன்டெல் நெட்வொர்க் கார்டாக இருந்தால் லிங்க் அறுந்ததை 27 என்ற எண்ணிலும், திரும்பக் கிடைத்ததை 32 என்ற எண்ணிலும் எழுதும். பின்னதில் எந்த வேகத்தில் இணைந்தது என்பதும் இருக்கும். பிங் நின்ற ஒவ்வொரு நேரத்துக்கும் நேராக ஒரு 27 இருந்தது. அதாவது பாக்கெட் வழியில் தொலையவில்லை, கம்பியில் சிக்னலே போய்விடுகிறது. இதைவிட முக்கியமான தடயம் 32-இல் கிடைத்தது: சில தடவை 1 ஜிகாபிட்டில் திரும்பியிருக்கிறது, சில தடவை 100 மெகாபிட்டில்.

100 மெகாபிட் ஈத்தர்நெட்டுக்கு 1, 2, 3, 6 என்ற நான்கு பின்கள் போதும். டி568பி என்ற நிற வரிசையில் அவை ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும். ஜிகாபிட்டுக்கு நீலம், பிரவுன் உட்பட நான்கு ஜோடிகளும் வேண்டும். ஆனால் "நீ எவ்வளவு வேகம், நான் எவ்வளவு வேகம்" என்று இரண்டு முனைகளும் பேசி முடிவு செய்யும் ஆட்டோ நெகோஷியேஷன் அந்த முதல் இரண்டு ஜோடிகளிலேயே நடக்கிறது. எனவே நீலமோ பிரவுனோ ஒரு கணம் விட்டால் லிங்க் அறுகிறது, பேச்சுவார்த்தை ஜிகாபிட் என்றே முடிகிறது, இணைய முயன்றால் நான்காவது ஜோடி கிடைக்கவில்லை, மறுபடி முதலிலிருந்து. சில முயற்சிகளுக்குப் பிறகு சிப் தானே வேகத்தைக் குறைத்து 100-க்கு இறங்குகிறது. அந்தச் சில நொடி இடைவெளி இப்படித்தான் வருகிறது. 100-இல் திரும்பி வருகிற லிங்க்கைப் பார்த்தால் நீல ஜோடி, பிரவுன் ஜோடி இரண்டையும் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஒருவேளை பிங் நின்ற நேரத்தில் லாகில் லிங்க் அறுந்த பதிவே இல்லாமல் இருந்தால் வேறு திசையில் போக வேண்டியிருக்கும். நம் வீடுகளில் அடிக்கடி காணப்படுவது இரண்டாவது ரவுட்டர். வைஃபை எட்டவில்லை என்று பழைய ரவுட்டர் ஒன்றை லேன் போர்ட்டில் செருகி வைத்திருப்பார்கள். அதற்கும் 192.168.1.1, மோடத்துக்கும் 192.168.1.1. கம்ப்யூட்டர் சில நேரம் இதனோடும் சில நேரம் அதனோடும் பேசும். கமாண்ட் விண்டோவில் ஆர்ப் பட்டியலை (எந்த முகவரி எந்தச் சாதனத்துடையது என்ற பட்டியல்) சரியாக இருக்கும்போது ஒரு தடவை, போனபோது ஒரு தடவை எடுத்து, அந்த முகவரிக்கு நேரே உள்ள மேக் எண் (சாதனத்தின் அடையாள எண்) மாறியிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டாவது ரவுட்டருக்கு 192.168.1.2 கொடுத்து, அதன் டிஹெச்சிபியை (மற்ற சாதனங்களுக்கு முகவரி வழங்கும் வேலை) நிறுத்தி, வான் போர்ட்டில் அல்லாமல் லேன் போர்ட்டில் கேபிளைச் செருகினால் தீர்ந்தது.

கம்ப்யூட்டரா, மோடமா, நடுவிலா

லேப்டாப்பை மோடம் பக்கத்தில் வைத்து 1 மீட்டர் கேபிளில் இணைத்தபோது மதியம் முழுக்க ஒரு அறுப்பும் இல்லை. அதே லேப்டாப்பை மாடிக்குக் கொண்டுபோய் நீளக் கேபிளில் போட்டதும் அதே பழுது. கம்ப்யூட்டருக்கும் அதன் டிரைவருக்கும் விடுதலை. மோடத்தில் வேறு லேன் போர்ட்டுக்கு மாற்றியும் நிற்கவில்லை. மிஞ்சியது கேபிளும் அதன் இரு முனைகளும்.

பலரும் இந்த இடத்துக்கு வருமுன் டிரைவர் செட்டிங்குகளில் பல மணி நேரத்தைத் தொலைத்துவிடுகிறார்கள். பார்க்கவே கூடாது என்றில்லை. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டின் அட்வான்ஸ்டு பகுதியில் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈத்தர்நெட், கிரீன் ஈத்தர்நெட் இரண்டையும் நிறுத்தி, பவர் மேனேஜ்மென்ட்டில் "மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம்" என்ற டிக்கை எடுத்துவிட்டுப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. சில பழைய ஸ்விட்சுகளோடு இந்த மின்சேமிப்பு ஒத்துப்போகாமல் லிங்க் விழுவது உண்மை. 2020 வாக்கில் வந்த மதர்போர்டுகளில் இன்டெல் ஐ225-வி சிப்பின் ஆரம்பப் பதிப்புகள் 2.5 ஜிகாபிட்டில் சில சாதனங்களோடு திணறியதும் தெரிந்த விஷயம். அவற்றை 1 ஜிகாபிட்டில் ஓட்டுவதே நடைமுறைத் தீர்வாக இருந்தது. ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

வேகத்தைக் கையால் 100 ஃபுல் டூப்ளெக்ஸ் (இரு திசையிலும் ஒரே நேரத்தில் போவது) என்று பூட்டுவதைத் தவிர்க்க வேண்டும். ஒரு முனையில் ஆட்டோ நெகோஷியேஷன் நின்றுவிட்டால் மறுமுனை வேகத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும், டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க முடியாமல் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) இறங்கிவிடும். பிறகு லேசான பயன்பாட்டில் நன்றாகவும், பெரிய ஃபைல் இறக்கும்போது ஆமை வேகத்திலும் ஓடும். புதுப் பழுது ஒன்று சேர்ந்துகொள்ளும். கேபிள் மாற்றும்வரை ஒப்பேற்ற வேண்டுமென்றால் பழைய 100 மெகாபிட் ஸ்விட்ச் ஒன்றை ஒரு முனையில் போடுங்கள். அது ஆரஞ்சு, பச்சை ஜோடிகளை மட்டுமே பயன்படுத்தும். இங்கே அதைப் போட்டதும் அறுப்பு நின்றது, நீலமோ பிரவுனோ என்ற சந்தேகமும் உறுதியானது.

டெஸ்டர் பச்சை காட்டினால் போதாது

எட்டு விளக்கு எரியும் சாதாரண கேபிள் டெஸ்டரில் 1 முதல் 8 வரை எல்லாம் வரிசையாக எரிந்தன. அந்த டெஸ்டர் சொல்வது, கம்பி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகிறது என்பதை மட்டுமே. கம்பியில் எவ்வளவு தடை, ஜோடிகள் சரியாக முறுக்கப்பட்டிருக்கின்றனவா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. நிறங்களை 1-2, 3-4, 5-6, 7-8 என்று அடுத்தடுத்த ஜோடிகளாகச் செருகிவிட்டாலும் எட்டு விளக்கும் எரியும். ஆனால் 3-ம் 6-ம் ஒரே முறுக்கில் இருக்க வேண்டியவை. அவை வேறு வேறு ஜோடியில் போனால் குறுக்குச் சத்தம் (ஒரு ஜோடியின் சிக்னல் மற்றதில் கசிவது) ஏறி, நீளமான கேபிளில் லிங்க் தடுமாறும்.

இங்கே உதவியது மல்டிமீட்டர். இரு முனைகளையும் சாதனங்களிலிருந்து கழற்றிவிட்டு, மாடி முனையில் ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளையும் சேர்த்து முறுக்கி, கீழ் முனையில் அதே ஜோடியின் தடையை அளக்க வேண்டும். மீட்டர் வயர்களை ஒன்றோடொன்று தொடவைத்து வரும் அளவை (பெரும்பாலும் 0.2, 0.3 ஓம்) கழித்துவிடுங்கள். 28 மீட்டர் என்றால் போக, வர 56 மீட்டர். 24 கேஜ் செம்புக்கு மீட்டருக்கு சுமார் 0.084 ஓம்; 4.7 ஓம் வரவேண்டும். கேட் 5இ தரம் 100 மீட்டர் கம்பிக்கு 9.38 ஓம் வரைதான் அனுமதிக்கிறது. அந்தக் கணக்கில் இங்கே மேல் எல்லை 5.25.

ஆரஞ்சு, பச்சை, நீலம் மூன்றிலும் 7.6-ஐ ஒட்டி வந்தது. பிரவுனில் 11-ஐத் தாண்டி, நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது.

இந்த இரண்டு எண்களும் இரண்டு வேறு விஷயங்களைச் சொல்கின்றன. மூன்று ஜோடிகளும் ஒரே அளவில் கூடுதலாக இருப்பது பழுதல்ல, கம்பியின் தரம். செம்பின் 1.6 மடங்கு தடை என்றால் அது பெரும்பாலும் சிசிஏ, அதாவது அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசிய கம்பி. பிளேடால் லேசாகச் சுரண்டியதும் உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தது. சுத்தச் செம்பு எவ்வளவு சுரண்டினாலும் செம்பாகவே இருக்கும். கடையில் மீட்டர் கணக்கில் வாங்கும்போது ஒரு முனையை இப்படிச் சுரண்டிப் பார்த்து வாங்குவது நல்லது. சிசிஏ சுருள் கையில் தூக்கினாலே எடை குறைவாகத் தெரியும்.

ஆடுகிற பிரவுன்தான் பழுது. மீட்டரை மாட்டிவைத்துவிட்டு ஒருவர் எண்ணைப் பார்க்க, இன்னொருவர் கேபிளை ஓர் அடிக்கு ஒரு தடவை மெல்ல அசைத்துக்கொண்டே போக வேண்டும். மாடி ஜன்னல் கம்பி வழியாக உள்ளே வளையும் இடத்தில் விரல் பட்டதும் 11 என்பது 30-க்குத் தாவித் திரும்பியது. அந்த இடத்தில் கேபிளின் சாம்பல் நிற மேலுறை வெயிலில் வெளுத்து, தொட்டால் கையில் சுண்ணாம்புபோல் ஒட்டியது. வளைவின் வெளிப்பக்கம் மயிரிழை வெடிப்பு. உறையைப் பிளந்தால் பிரவுன் கம்பியின் காப்புக்குள் ஒரு கணு மாதிரி தட்டுப்பட்டது. உள்ளே அலுமினியம் முறிந்து முனைகள் உரசிக்கொண்டிருந்தன. மேற்குச் சுவர். மதிய வெயிலில் உலோகம் விரிந்து அசையும்போதெல்லாம் அந்த முறிவு திறந்து மூடியிருக்கிறது. நேரக் கணக்கு பொருந்தியது.

நடுவில் வெட்டி ஒட்டுவது வேண்டாம். மீதிக் கம்பியும் அதே அலுமினியம்தான். இன்னொரு வளைவில் நாளை இதுவே நடக்கும்.

புதிதாக இழுத்தபோது கவனித்தவை

சுத்தச் செம்பு, 24 கேஜ், வெயில் தாங்கும் கறுப்பு பாலிஎத்திலின் உறை போட்ட வெளிப்புறக் கேபிள். வீட்டுக்குள் போடும் சாம்பல் பிவிசி கேபிளை வெயிலில் விடக்கூடாது. பழைய கேபிள் ஓர் இடத்தில் 230 வோல்ட் வயரிங்கோடு ஒரே பைப்பில் ஓடியது. புதியதற்குத் தனி பைப். போர் மோட்டார், ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கும் அதே நொடியில் பிழைகள் வந்தால் இந்த நெருக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். அதில் பெரும்பாலும் லிங்க் அறாது, சிஆர்சி பிழை (சிதைந்து வந்த பாக்கெட்டுகள்) எண்ணிக்கை ஏறும். வளைவுகளை கேபிள் தடிமனின் நான்கு மடங்குக்குக் குறையாத ஆரத்தில் விட வேண்டும், சுமார் இரண்டரை சென்டிமீட்டர். ஜன்னலுக்குள் நுழையுமுன் கேபிள் ஒருமுறை கீழிறங்கி மேலேறினால் மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், உள்ளே வழியாது.

கனெக்டரில் ஒரு நுணுக்கம் உண்டு. சுவரில் ஓடும் கேபிள் ஒற்றைக் கம்பி. மேசையில் போடும் சிறு கேபிள் பல இழை. ஆர்ஜே45 கனெக்டரின் உள்ளே இருக்கும் முட்களில் இரண்டு முள் வகை இழைக் கம்பிக்குள் குத்தி நிற்பதற்கானது. ஒற்றைக் கம்பிக்கு அதைப் போட்டால் முள் பக்கவாட்டில் வழுக்கி, தொட்டும் தொடாமலும் நிற்கும். சில மாதங்களில் இதே விட்டு விட்டு வரும் பழுது. மூன்று முள் வகை கம்பியை இரு பக்கமும் கவ்விக்கொள்ளும். அதைவிட நல்லது, சுவர் முனைகளில் ஐஓ பாக்ஸ் (சுவரில் பொருத்தும் லேன் சாக்கெட்) வைத்து பஞ்ச் டூலால் அழுத்திவிட்டு, அங்கிருந்து கடையில் கிடைக்கும் ரெடிமேட் பேட்ச் கேபிள் போடுவது. இங்கே இரு முனையும் அப்படித்தான். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன் என்பது வரிசை. முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது.

முடித்ததும் நான்கு ஜோடிகளிலும் 4.8 ஓம், அசைத்தாலும் அப்படியே. 1472 பைட் அளவில், துண்டாக்காமல், பிங் விட்டு வைத்ததில் இழப்பு இல்லை. மோடத்தின் இன்னொரு போர்ட்டில் இருந்த லேப்டாப்புக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் புரோகிராமை ஓட்டியபோது நொடிக்கு 941 மெகாபிட். ஜிகாபிட்டில் ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்புத் தகவல் எடுக்கும் இடம் போக, உண்மையான தகவலுக்குக் கிடைப்பது ஏறத்தாழ அவ்வளவுதான். கடும் வெயில் அடித்த மதியங்களிலும் லாகில் 27 வரவில்லை. 100 மெகாபிட் ஸ்விட்ச் கழற்றப்பட்டது.

பாக்கி இருப்பது இடி மின்னல். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில், வெளிச்சுவரில் ஓடும் செம்புக் கேபிள் வழியாகப் பாயும் மின்னெழுச்சி இரு முனைப் போர்ட்டுகளையும் சுட்டுவிடக்கூடும். முழுதாகச் சாகாமல் 100 மெகாபிட்டில் மட்டும் இணைகிற போர்ட்டுகள் பல இப்படிப் பாதி அடிபட்டவைதான். சர்ஜ் புரொடெக்டர் போடலாம், ஆனால் நல்ல எர்த் இல்லாமல் அதனால் பயனில்லை. அடுத்ததாகப் பார்க்க நினைப்பது, இரண்டு மீடியா கன்வெர்ட்டர் (செம்புக் கம்பி சிக்னலையும் ஃபைபர் ஒளியையும் ஒன்றிலிருந்து மற்றதாக மாற்றும் பெட்டி) வைத்து வெளிப்பகுதியை மட்டும் உலோக இழை இல்லாத ஃபைபராக மாற்றுவது. அதுவரை இடி தொடங்கினால் ஐஓ பாக்ஸின் இரு முனையிலும் பேட்ச் கேபிளைக் கழற்றி வைக்க வேண்டும்.