டிக்கெட் போடுமுன் திரும்பி வரும் வழியைப் பாருங்கள்

பதற்றமான நாடு ஒன்றின் பெயரைச் சொல்லி "இப்போ போலாமா?" என்று கேட்டால், ஏஜென்ட் "ஆளுங்க போய்ட்டுதான் சார் இருக்காங்க" என்பார். அது உண்மையாகவே இருக்கலாம். கார்த்தூமுக்கும் 2023 ஏப்ரல் 14 வரை ஆட்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். மறுநாள் சண்டை வெடித்தது, விமான நிலையம் மூடப்பட்டது. அங்கிருந்த நம்மவர்கள் எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போர்ட் சூடான் வந்து, கப்பலிலும் விமானப்படை விமானத்திலும் ஜெட்டா போய், அதன்பிறகே ஊர் சேர்ந்தார்கள்.

அதனால் முதலில் மேப்பை விரியுங்கள். பெரிய விமான நிலையம் மூடிவிட்டால் வெளியே வர எது வழி? பக்கத்து நாட்டு எல்லை எத்தனை கிலோமீட்டர், எந்தெந்த ஊர் வழியாக, வெளிநாட்டவரை அந்தச் சாவடியில் விடுவார்களா, அந்த நாட்டுக்கு இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா வேண்டுமா என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். 2025 ஜூனில் ஈரானில் படித்த நம் மாணவர்கள் பலர் தரைவழியாக ஆர்மீனியா போய்த்தான் விமானம் ஏறினார்கள். இரண்டாவது வழி ஒன்றுகூட அகப்படாத ஊர் என்றால், அந்தப் பயணத்தைத் தள்ளிப் போடுவதே சரி.

சென்னையிலிருந்து ஜெருசலேம் புனிதப் பயணம் போகிறவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் அம்மானில் இறங்கி, தரைவழியாக இஸ்ரேல் நுழைந்து, எகிப்து வழியே திரும்பும் திட்டம். ஜோர்டான் விசா ஒருமுறை நுழைவுக்கு மட்டும் என்றால், எகிப்து எல்லை மூடும் நாளில் அம்மானுக்குத் திரும்பிப் போக அந்த விசா உதவாமல் போகலாம். குழு விசாவாக இருந்தால் ஒருவர் மட்டும் பிரிந்து வெளியேறுவதும் சிக்கல். முன்பணம் கட்டும் முன்பே விசா எந்த வகை, எத்தனை நுழைவு என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பாஸ்போர்ட்டுகளை மொத்தமாக டூர் மேனேஜர் பையில் போட்டு வைக்கும் வழக்கத்துக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

போகும் நாடு அமைதியாக இருந்தாலும் வழி அப்படி இருக்காது. 2025 ஜூன் 23 மாலை கத்தார் வான்வெளியை மூடியபோது, தோஹாவில் விமானம் மாற வேண்டிய பயணிகள் நடுவழியில் மாட்டிக்கொண்டார்கள். முழுப் பயணத்தையும் ஒரே பிஎன்ஆரில் போடுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டால் அந்தச் செலவு பொதுவாக உங்கள் தலையில்தான்.

எச்சரிக்கை அறிவிப்புகளுக்கு நம் வெளியுறவு அமைச்சகத்தின் தளத்தையும், அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தின் பக்கத்தையும் பாருங்கள். பிரிட்டன், ஆஸ்திரேலியா அரசுகளின் பயணப் பக்கங்கள் எந்தப் பகுதி ஆபத்து என்று பிரித்தே சொல்வதால் அவற்றையும் சேர்த்துப் படிப்பது நல்லது. அந்தப் பக்கங்களில் போன வாரம் எந்த வாக்கியம் மாறியது என்பதுதான் முக்கியம். தூதரக ஊழியர்களின் குடும்பத்தை ஒரு நாடு திருப்பி அனுப்பினால், அதைவிடத் தெளிவான அறிகுறி வேறில்லை. ஏமனைப் பொறுத்தவரை யோசிக்கவே வேண்டாம். 2017 முதல் இந்தியப் பாஸ்போர்ட்டில் போகத் தடை.

வேலைக்குப் போகும் தம்பிகளுக்கு ஒன்று. இசிஆர் (குடியேற்றச் சோதனை தேவை என்ற வகை) பாஸ்போர்ட்டில் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக இ-மைக்ரேட் என்ற அரசுத் தளம் வழியாகக் குடியேற்ற அனுமதி வேண்டும். அதோடு வரும் பிரவாசி பாரதிய பீமா காப்பீடு 10 லட்சம் ரூபாய்க்கு. 2 வருடப் பிரீமியம் 275 ரூபாய்தான். விசிட் விசாவில் கிளம்பினால் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. பாங்காக்கில் டேட்டா என்ட்ரி வேலை என்று சொல்லி, இறங்கியதும் வண்டி தாய்லாந்து எல்லை ஊரான மே சோட் பக்கம் திரும்பினால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் மியான்மரின் மியாவடி, ஆட்களை அடைத்துவைத்து ஆன்லைன் மோசடி செய்யவைக்கும் முகாம்களுக்குப் பெயர்போன இடம். ஆள் கூடும் பெட்ரோல் பங்க்கிலேயே இறங்கிவிடுங்கள்.

பணம்: பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு ரொக்கமாக 3,000 டாலர் வரை எடுக்கலாம், ஈராக், லிபியாவுக்கு 5,000. ஈரானில் நம் விசா கார்டு, மாஸ்டர்கார்டு எதுவும் வேலை செய்யாது. அண்ணா சாலையில் மாற்றினாலும் பாரிமுனையில் மாற்றினாலும், கவுன்டரை விட்டு நகரும் முன் நோட்டை ஒவ்வொன்றாகப் பாருங்கள். மடிப்பு, பேனாக் கோடு, சீல் இருந்தால் அங்கே வாங்க மறுப்பார்கள். 5, 10, 20 டாலர் நோட்டுகளும் கேளுங்கள். சாட்டிலைட் போன் கொண்டுபோக நினைத்தால் வேண்டாம். அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம்.

டிராவல் இன்ஷூரன்ஸில் விலக்குகள் என்ற பக்கத்தை மட்டுமாவது படியுங்கள். போர், உள்நாட்டுக் கலவரம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

வங்கதேசத்தில் 2024 ஜூலையில் நடந்ததுபோல இணையத்தை நிறுத்திவிட்டால் வாட்ஸ்அப் கிடையாது. தூதரக எண், தங்கும் இடம், விமான எண், பாஸ்போர்ட் நகல் எல்லாம் காகிதத்தில் இரண்டு பிரதி. ஒன்று உங்கள் பையில், ஒன்று வீட்டில். தினமும் எந்த நேரத்தில் பேசுவீர்கள், எத்தனை மணி நேரம் சத்தமில்லை என்றால் வீட்டார் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

அந்தத் தாளின் கடைசி வரி, எது நடந்தால் உடனே கிளம்புவேன் என்பது. உக்ரைனில் இருக்கத் தேவையில்லாதவர்கள் வெளியேறலாம் என்று நம் தூதரகம் 2022 பிப்ரவரி 15 அன்று சொன்னது. வான்வெளி மூடியது 24-ஆம் தேதி. நடுவில் 9 நாள் இருந்தது.