மேசையும் கூடவே வந்தது
கோலாலம்பூரில் பழைய உணவகம் என்றால் எனக்குக் கால் தானாகவே அந்தப் பக்கம் திரும்பிவிடும். ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையில் 1921இல் தொடங்கிய கொலிசியம் கபே, ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார்கள் வந்து குடித்த இடம். பால்மரம் வெட்டிய நம் தாத்தாக்களை அந்தக் கதவுக்குள் விட்டிருப்பார்களா என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். ஆனாலும் போகிறேன்.

1928இல் தொடங்கிய யூட் கீ உணவகம், 2014இல் ஜாலான் டாங் வாங்கியிலிருந்து பக்கத்து ஜாலான் காமுந்திங்கிற்கு மாறியபோது சலவைக்கல் மேசைகளையும் கையோடு எடுத்துச் சென்றது. கட்டடம் போனால் என்ன, மேசை வந்ததே! சுவரில் துருப்பிடித்த சைக்கிளை மாட்டிவிட்டுக் காப்பிக்கு இரட்டை விலை கேட்கும் புதுக்கடைகள்தான் எனக்கு எரிச்சல்.

பினாங்கு நண்பர்களே, மாட்டிவைத்த பழமை இல்லாத கடை இருந்தால் சொல்லுங்கள். தீபாவளி விடுமுறைக்கு வருகிறேன்.