காற்றாடிமலைப் பாறையில் முழந்தாளிட்டபோது

புனித தேவசகாயம் கொல்லப்பட்ட ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்குப் போக வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் பயம்தான். அப்பா மாரடைப்பில் திடீரென்று இறந்ததிலிருந்து, இரவில் விளக்கை அணைத்ததும் எனக்கு நெஞ்சு படபடக்கும், இடது கை மரத்துப்போன மாதிரி இருக்கும், எழுந்து உட்கார்ந்து விடியும்வரை மூச்சைக் கவனித்துக்கொண்டே இருப்பேன். இசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தாகிவிட்டது, இதயத்தில் ஒன்றும் இல்லை என்று மருத்துவரும் சொல்லிவிட்டார், ஆனால் இரவு வந்தால் அந்த ரிப்போர்ட்டை மனசு நம்பாது. செபிக்காமலும் இல்லை. "ஆண்டவரே, எனக்கு ஒன்றும் ஆகாது என்று மட்டும் சொல்லும்." இதுதான் தினமும் என் செபம்.

அம்மாவும் நானும் முதலில் போனது நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் பேராலயத்துக்கு. புனித தேவசகாயத்தை அடக்கம் செய்த இடம் அங்கேதான் இருக்கிறது. காலைத் திருப்பலி முடிந்து கூட்டம் கலைந்த நேரம், கல்லறைப் பக்கத்தில் நாலைந்து பேர் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள், நாங்களும் சேர்ந்துகொண்டோம்.

அவருடைய கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1712-ல் நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்தவர், திருவிதாங்கூர் அரசில் அதிகாரியாக இருந்தவர். 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய்தான் அவருக்குக் கிறிஸ்துவை அறிமுகப்படுத்தினார். குடும்பத்தில் அடுத்தடுத்து இழப்புகள் வந்து அவர் மனம் உடைந்திருந்த நேரம் அது, டிலனாய் அவருக்கு விவிலியத்திலிருந்து யோபுவின் கதையைச் சொன்னாராம். விவிலியத்தில் எத்தனையோ அற்புதங்கள் இருக்க, ஏன் யோபு? எல்லாவற்றையும் இழந்தவனின் கதை அது. "ஏன் எனக்கு இப்படி?" என்று யோபு கேட்டுக்கொண்டே இருக்கிறார், அந்தக் கேள்விக்குக் கடவுள் நேரடியாகப் பதில் சொல்வதே இல்லை, ஆனால் நேரில் வந்து பேசுகிறார். யோபுவுக்கு அது போதுமானதாக இருந்தது. நீலகண்டனுக்கும் அதுதான் பிடித்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார்.

அடுத்து புலியூர்க்குறிச்சி முட்டிடிச்சான் பாறை. விசுவாசத்துக்காகக் கைதாகி விலங்கோடு இழுத்துவரப்பட்டவர் தாகத்தில் தவித்து, செபித்து, முழங்கையால் பாறையில் இடித்தபோது தண்ணீர் சுரந்தது என்பது மக்களின் நம்பிக்கை. இன்றும் வருகிறவர்கள் அந்தத் தண்ணீரைப் பக்தியோடு எடுத்துப் போகிறார்கள். நாங்களும் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் ஆரல்வாய்மொழிக்குக் கிளம்பிவிட்டோம்.

கணவாய்ப் பகுதி என்பதால் அங்கே காற்று ஆளையே தள்ளுகிறது, சுற்றிலும் காற்றாலைகள். 1752 ஜனவரி 14 அன்று அவரைச் சுட்டுக்கொன்றது இந்த மலையில்தான். 1749-ல் கைதானவர், ஏறக்குறைய மூன்று வருடம் சங்கிலி. எருமை மேல் பின்னோக்கி உட்கார வைத்து ஊர் ஊராக இழுத்துப் போனார்கள், புண்களில் மிளகாய்ப்பொடி தடவினார்கள் என்றெல்லாம் வழிவழியாகச் சொல்கிறார்கள். சாவதற்கு முன் செபிக்க நேரம் கேட்டு முழந்தாளிட்ட பாறை என்று ஒன்றைக் காட்டுகிறார்கள், தட்டினால் மணி போல ஒலிக்கும் பாறையும் உண்டு, அதைத் தட்டிப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை.

நான் முழந்தாளிட்டு வழக்கமான செபத்தை ஆரம்பித்தேன், "எனக்கு ஒன்றும் ஆகாது என்று..." அதற்கு மேல் வாய் வரவில்லை. எந்த இடத்தில் நின்றுகொண்டு இதைக் கேட்கிறேன்? அந்த மனிதருக்கு எல்லாமே ஆனதே. மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட அவர் விடுதலை கேட்டுச் செபித்திருக்க மாட்டாரா? அப்புறம் இயேசு கைதாவதற்கு முன் செபித்த கெத்சமனி நினைவுக்கு வந்தது. அவரே அங்கே திகிலடைந்தார், மனம் கலங்கினார், இந்தத் துன்பக் கிண்ணம் அகலட்டும் என்று வேண்டினார். கிண்ணம் அகலவில்லை. பயந்ததால் அவருடைய விசுவாசம் குறைந்துபோய்விடவும் இல்லை.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு சொன்னார்: "அப்பாவுக்கு ஒன்னும் ஆகக்கூடாதுன்னுதான் நானும் முட்டி தேய செபிச்சேன். ஆயிடுச்சு. அதுக்காக ஆண்டவர் என்னை விட்டுட்டாரா? தினம் காலையில என்னை எழுப்பி நடத்துறது யாருன்னு நினைக்கிற?" அதைக் கேட்டு நான் அங்கேயே அழுதுவிட்டேன். அப்பா போனதிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை.

"சாவின் இருள்சூழ் பள்ளத்தாக்கில் நான் நடக்க நேர்ந்தாலும், நீர் என்னோடு இருப்பதால் எத்தீங்கிற்கும் அஞ்சிடேன்" என்ற 23-ஆம் திருப்பாடல் சின்ன வயதிலிருந்தே மனப்பாடம். பள்ளத்தாக்கே வராது என்று அதில் எங்கேயும் இல்லை, நடக்கும்போது கூட ஒருவர் இருக்கிறார் என்றுதான் இருக்கிறது. நான் இத்தனை நாளும் கேட்டது வராமலிருக்கும் வரம். அன்றைக்கு அந்தப் பாறையில் என் செபம் மாறியது: "என்ன ஆனாலும் என் கூடவே இரும்." கேட்டு முடித்தபோது நெஞ்சில் அப்படியொரு அமைதி, காற்று காதை அடைத்துக்கொண்டிருந்தது, எனக்கோ எழுந்துபோகவே மனசில்லை.

படபடப்பு முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், சில இரவுகளில் இன்னும் வருகிறது. வந்தால் உட்கார்ந்து அந்தத் திருப்பாடலை மெதுவாகச் சொல்கிறேன், பாதியிலேயே தூங்கிப்போன நாட்களும் உண்டு. மனநல ஆலோசனைக்கும் போகிறேன், அதுவும் ஆண்டவர் அனுப்பிய உதவிதான் என்று முழுமனதோடு நம்புகிறேன். இதே மாதிரி தவிக்கிறவர்கள் தயவுசெய்து மருத்துவரையும் பாருங்கள், செபத்தையும் விடாதீர்கள்.

2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்ததிலிருந்து இந்த இடங்களையெல்லாம் தேடிப் பலர் வருகிறார்கள். நாங்கள் அடுத்து வடக்கன்குளம் போகப் போகிறோம். அவருடைய மனைவி ஞானப்பூ அம்மாளின் கல்லறை அங்கே இருக்கிறது. கணவரைப் பறிகொடுத்த பிறகும் அந்தம்மா எப்படி விசுவாசத்தோடு வாழ்ந்தார்கள் என்று நினைத்துப் பார்த்து, அங்கே உட்கார்ந்து செபிக்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை.