செல்ஃப் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை

இரவு முழுவதும் பெய்த மழை விடியும் நேரத்தில்தான் ஓய்ந்தது. காலையில் சாவியைத் திருப்பியபோது செல்ஃப் வழக்கமான வேகத்தில் சுற்றியது. எஞ்சின் மட்டும் ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது. அதன் பிறகு எத்தனை முறை முயன்றும் பிடிக்கவே இல்லை. முந்தைய நாள் மாலை ஒரே திருப்பலில் ஸ்டார்ட் ஆன வண்டி அது. நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். எரிபொருள் இன்ஜெக்டர் வழியாக வந்தாலும், மின்பொறிக்கு மட்டும் பழைய அமைப்பு: பேட்டரியின் வோல்டேஜைப் பல மடங்கு உயர்த்தும் கம்பிச்சுருளான 'காயில்' ஒன்று, அதை ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைவைத்துப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், அங்கிருந்து பொறி உண்டாக்கும் பிளக்குகளுக்குப் போகும் வயர்கள்.

எட்டிப் பார்த்த எதிர்வீட்டுக்காரர் பேட்டரி போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். மல்டிமீட்டரில் பேட்டரி 12.5 வோல்ட் காட்டியது. செல்ஃப் அடிக்கும்போதும் 10-க்குக் கீழே இறங்கவில்லை. சாவியை ஆன் நிலையில் வைத்ததும் பின்னிருக்கைக்கு அடியிலிருந்து பெட்ரோல் பம்பின் ரீங்காரம் இரண்டு விநாடி கேட்டது. சைலன்சர் வாயில் பச்சைப் பெட்ரோல் வாசனை அடித்தது. அதாவது, எரிபொருள் உள்ளே போகிறது, எரியாமல் அப்படியே வெளியே வருகிறது. சந்தேகம் பொறியின் மேல்தான் விழ வேண்டும், விழவும் செய்தது.

அடுத்து நான் செய்த சோதனைதான் என்னை ஒரு மணி நேரம் தவறான திசையில் அலையவிட்டது. ஒரு பிளக்கைக் கழற்றினேன். அது பெட்ரோலில் நனைந்திருந்தது. துடைத்து, வயரில் மீண்டும் செருகி, அதன் இரும்பு உடலை எஞ்சினோடு ஒட்டி வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். (பிளக் துளை வழியாகப் பெட்ரோல் ஆவி வரும் என்பதால் பம்பின் ஃபியூஸை முதலில் எடுத்துவிட வேண்டும், பிளக்கைக் கையில் பிடிக்கவும் கூடாது.) பொறி வந்தது. பொறி வருகிறது என்றால் இக்னிஷன் சரி என்று முடிவு கட்டிவிட்டு, ஃபியூஸ்களையும் இன்ஜெக்டர் கனெக்டர்களையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பழக்கமான மெக்கானிக் அண்ணனுக்குப் போன் செய்தேன். நடந்ததைக் கேட்டுவிட்டு, "தம்பி, வெளியில வர்ற பொறியை நம்பாதீங்க. ஷெட்டை இருட்டாக்கிட்டு, செல்ஃப் அடிக்கச் சொல்லி, பானெட்டுக்குள்ள உத்துப் பாருங்க" என்றார்.

அவர் சொன்னதன் காரணம் யோசித்தால் விளங்கும். காயில் எப்போதும் ஒரே அளவு வோல்டேஜைத் தருவதில்லை. மின்சாரம் எங்காவது ஓரிடத்தில் தாவும் வரைதான் வோல்டேஜ் ஏறும். திறந்த வெளியில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாவுவதற்கு ஏறத்தாழ 3,000 வோல்ட் போதும். சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்பட்டிருக்கும்போது, அதே பிளக் இடைவெளியைத் தாவ 10,000 வோல்ட்டுக்கும் மேல் தேவைப்படும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மேல் ஈரம் படிந்திருந்தால், அந்த அளவுக்கு ஏறுவதற்குள்ளேயே மின்சாரம் ஈரத்தின் வழியாக எஞ்சின் உடலுக்குள் இறங்கிவிடும். தூய நீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. ஆனால் எஞ்சினுக்கு மேலே படியும் நீர் தூசியையும் உப்பையும் கரைத்துக்கொண்டு நல்ல கடத்தியாகிவிடும். ஆகவே வெளியே எடுத்த பிளக்கில் பொறி தெரிவது, சிலிண்டருக்குள்ளும் பொறி விழுகிறது என்பதற்குச் சான்று ஆகாது.

ஷெட் கதவை மூடி, விளக்கை அணைத்து, மனைவியை அழைத்துச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். முதல் சுற்றிலேயே தெரிந்தது: மூடியின் நடுக்கோபுரத்திலிருந்து பக்கவாட்டுத் திருகை நோக்கி நீல நிற நூல் ஒன்று ஊர்ந்தது. மெல்லிய நூல்தான், ஒவ்வொரு முறையும் சற்றே இடம் மாறி, 'டிக் டிக்' என்ற சத்தத்தோடு துடித்தது. இரண்டாம் சிலிண்டரின் வயர் ஓர் இரும்புப் பிடியை உரசிக்கொண்டு போகும் இடத்திலும் ஒரு புள்ளி மினுங்கியது. பார்த்து முடித்ததும் கதவைத் திறந்துவிட்டேன். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சின் எதிர்பாராமல் பிடித்துக்கொண்டால் அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

வயர்களைப் பிடுங்குவதற்கு முன் ஒவ்வொன்றிலும் எண் எழுதி ஒட்டினேன். இந்த எஞ்சினில் பொறி விழும் வரிசை 1-3-4-2. இரண்டு வயர்கள் இடம் மாறினாலும் வேறொரு கோளாறை நாமே உண்டாக்கியதாகிவிடும். மூடியைக் கழற்றியபோது, கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல் உட்புறம் முழுவதும் பனித்திருந்தது. உலர்ந்த பருத்தித் துணியால் மூடியையும், அதற்குள் சுழலும் ரோட்டாரையும், வயர்களையும் துடைத்து, ஹேர் டிரையரை மிதமான சூட்டில் சற்றுத் தள்ளிப் பிடித்து உலர்த்தினேன். பிளக்குகள் நான்கையும் துடைத்து மாட்டி, ஃபியூஸைத் திரும்பச் செருகி, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி பத்து விநாடி செல்ஃப் அடித்தேன். இன்ஜெக்டர் வண்டிகள் பலவற்றில் அப்படி மிதித்திருக்கும்போது பெட்ரோல் வருவது நிற்கும், தேங்கியது வெளியேறும். செல்ஃப் மோட்டார் சூடு தணிய ஒரு நிமிடம் விட்டு, மிதிக்காமல் மறுபடியும் அடித்தேன். எஞ்சின் நடுங்கிக்கொண்டே பிடித்து, அரை நிமிடத்தில் நிதானத்துக்கு வந்தது.

அத்தோடு விட்டிருந்தால் இந்த அனுபவத்தில் எழுத ஒன்றும் இராது. நான்காம் நாள் மழையே இல்லை, வெறும் பனிதான். வண்டி மறுபடியும் மக்கர் செய்தது. இந்த முறை டபிள்யூடி-40 தெளித்தேன், உடனே பிடித்தது. அதன் பெயரிலேயே விஷயம் இருக்கிறது: 1953-இல் நீரை விலக்குவதற்காக (வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட், அதுதான் 'டபிள்யூடி') உருவாக்கப்பட்ட கலவை அது, நாற்பதாவது முயற்சியில் கைகூடியதால் அந்த எண். அவசரத்துக்கு அது உதவும் என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடில்லை. ஆனால் அது விட்டுச்செல்லும் எண்ணெய்ப் படலத்தில் தூசி ஒட்டும் என்பதால், அதையே வைத்தியமாகக் கொள்ள மனம் ஒப்பவில்லை. மேலும், ஆரோக்கியமான மூடி வெறும் பனிக்கு மடங்கக்கூடாது.

மூடியை மீண்டும் கழற்றி, டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்துப் பார்த்தபோது உட்புறத்தில் பென்சிலால் இழுத்ததுபோல் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. நகத்தால் சுரண்டினால் போகவில்லை. மயிரிழை அளவு விரிசலில் மின்சாரம் திரும்பத் திரும்பக் கசிந்து, பிளாஸ்டிக் கருகி உண்டான கார்பன் தடம் அது. கார்பனும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், ஒருமுறை தடம் விழுந்துவிட்டால் ஈரம் துணைக்கு வந்தாலே போதும். மூடியையும் ரோட்டாரையும் சேர்த்தே மாற்றினேன். வயர்களை ஓம் அளவில் வைத்துப் பார்த்தேன். மூன்று வயர்கள் தம் நீளத்துக்கு ஏற்ற கிலோ ஓம்களைக் காட்டின, இரும்புப் பிடியில் உரசிய வயர் மட்டும் அவற்றைவிடப் பல மடங்கு காட்டியது. வயர்களும் செட்டாக மாறின.

தண்ணீர் அங்கே எப்படி வந்தது என்பது மிச்சமிருந்தது. முன் கண்ணாடிக்குக் கீழே மழைநீர் வடியும் துளைகளைச் சருகு அடைத்திருந்தது; தேங்கிய நீர் வழிந்து, நேராக டிஸ்ட்ரிபியூட்டரின் மேல் இறங்கியிருக்கிறது. சருகை எடுத்து ஒரு குவளை நீர் ஊற்றினேன், சக்கரத்துக்குப் பின்னால் ஒழுகியது.

அன்று இரவே வண்டியை ஷெட்டுக்கு வெளியே நிறுத்தி, எஞ்சின் ஓடும்போதே தெளிப்பான் புட்டியால் மூடியின் மேலும் வயர்களின் மேலும் நீரைப் புகைபோல் தெளித்துப் பார்த்தேன். எங்கும் நீல நூல் தெரியவில்லை. எஞ்சினின் சத்தமும் மாறவில்லை.