தக்காளி வண்டியில் வரும் நாய்கள்

காலையில் கிளினிக் கதவைத் திறக்கும்போது வாசலில் தக்காளிப் பெட்டி இருந்தால், என் உதவிக்கு இருக்கும் அண்ணன் அதை உடனே உள்ளே கொண்டுவர மாட்டார். அங்கேயே குந்தி உட்கார்ந்து, பெட்டிக்குள் முனகும் குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் புரட்டிப் பார்ப்பார். பிறகுதான் குரல் வரும்: "அஞ்சும் பொட்டை, அம்மா." பதினொரு வருடங்களில் அவர் இதை வேறு விதமாகச் சொல்லிக் கேட்டது அபூர்வம்.

தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டில் என்னுடையது சின்ன கிளினிக். காலையில் தோட்டம் தோட்டமாகப் போய் மாடு, ஆடு பார்ப்பேன். மதியத்துக்கு மேல் நாயும் பூனையும். ஊரில் எனக்கு மாட்டு டாக்டரம்மா என்றுதான் பெயர். நாய் பார்க்கிற நேரத்திலும் அதுதான் பெயர்.

கடுவன் குட்டிக்கு இங்கே கிராக்கி உண்டு. கண் திறப்பதற்கு முன்பே "எனக்கு ஒன்று" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். பொட்டை என்றால் புரட்டாசியில் வாசலைச் சுற்றி எட்டுக் கடுவன்கள் காவல் கிடக்கும், இரவெல்லாம் சண்டை. அதிலிருந்து 63 நாள் எண்ணினால், கார்த்திகை மழையில் விறகுக் கட்டுக்கு அடியில் ஆறு குட்டிகள். யார் பார்ப்பது? பால்குடி மறந்ததும் பெட்டியில் போட்டு, சந்தை ஓரத்திலோ நெடுஞ்சாலை ஓட்டல் பின்னாலோ என்னைப் போன்ற ஏமாளியின் வாசலிலோ வைத்துவிடுகிறார்கள். பெண் குழந்தைகளைக் காப்பாற்ற அரசு தொட்டில் வைக்க வேண்டியிருந்த மாவட்டம் இது. அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நினைவு வந்துவிடுகிறது; வேண்டாம் என்றாலும் வருகிறது. வீடுகள் தள்ளிவிடுவதெல்லாம் பெண்தான்; அவற்றில் சில தெருவில் தப்பிப் பிழைக்கின்றன. அடுத்த கார்த்திகையில் அவை தாய்.

ஒரு ஜோடி நாய் ஆறு வருடத்தில் பல்லாயிரமாகப் பெருகிவிடும் என்று படம் போட்ட சுவரொட்டிகள் உண்டு. எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. தெருவில் பிறக்கும் குட்டிகளில் பெரும்பாலானவை ஒரு வயதைக் காண்பதில்லை. பார்வோ வைரஸ் கழிச்சலில் போகும், பட்டினியில் போகும், லாரிச் சக்கரத்தில் போகும். அவற்றைத் தாண்டித்தான் தினமும் நான் மாடு பார்க்கப் போகிறேன். பல்லாயிரம் என்று பயமுறுத்தாமலே கருத்தடை வேண்டும் என்று சொல்லலாம்.

முதல் கருத்தடை முகாமை இலவசமாகத்தான் நடத்தினேன். செப்டம்பர் 28, உலக வெறிநாய்க்கடி நோய் தினம். கூடப் படித்த இரண்டு டாக்டர்கள் கைகொடுத்தார்கள். நோட்டீஸ் அடித்து, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராகச் சொன்னோம். வந்தவை 17 நாய்கள். அதில் 14 கடுவன். கடுவனுக்கு அறுவை சிகிச்சை சீக்கிரம் முடியும், செலவும் குறைவு, எண்ணிக்கையும் அழகாகக் காட்டலாம். ஆனால் பத்துக் கடுவனில் ஒன்பதுக்குச் செய்தாலும் மிச்சமிருக்கும் ஒன்று தெருவில் உள்ள பொட்டை அத்தனைக்கும் போதும். போதாததற்கு, வந்தவற்றில் இரண்டைத் திரும்ப அழைத்துப் போக ஆளே வரவில்லை. இலவசம் என்றதும் நாயையும் சேர்த்துக் கொடுத்துவிட்டதாக நினைத்தார்களோ என்னவோ.

ஏன் பொட்டை வரவில்லை என்பதைப் பஞ்சப்பள்ளிப் பக்கம் ஒரு பாட்டி எனக்கு விளக்கினார். அவருடைய கறவை மாட்டுக்கு மடிநோய் பார்க்கப் போயிருந்தேன். கட்டுத்தறி ஓரத்தில் வயிறு தொங்க ஒரு நாய் படுத்திருந்தது. "இலவசமாகச் செய்தோமே பாட்டி, கொண்டு வந்திருக்கலாமே?" என்றேன். பாட்டி சாணிக் கையைக் கழுவிவிட்டு விரல் மடக்கினார். பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். வண்டி வாடகை 400. தையல் பிரிக்கப் பத்தாம் நாள் மறுபடியும் 400. இரண்டு நாள் களை வெட்டும் கூலி 600 போச்சு. "உன் இலவசத்துக்கு ஆயிரத்து நானூறு ஆகுது கண்ணு" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. கட்டணத்தைக் குறைப்பதுதான் மலிவு என்று அதுவரை நினைத்திருந்தேன். அவர் சொன்ன 1,400-இல் என் கட்டணம் என்று ஒரு பைசா கிடையாது.

அதற்கு அப்புறம் வழி தானாகவே கண்ணில் பட்டது. பஞ்சப்பள்ளியிலிருந்தும் மாரண்டஅள்ளியிலிருந்தும் விடியற்காலையில் பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளி வண்டிகள் வருகின்றன. பத்து மணிக்குள் காலியாகத் திரும்புகின்றன. ஒரு வண்டிக்காரத் தம்பியிடம் பேசினேன். நாய் ஒன்றுக்கு 50 ரூபாய், பெட்டிகளில் ஒட்டாமல் வந்தால் சரி என்றார். வெல்டிங் பட்டறையில் இரண்டு கூண்டு அடித்தேன். நாய் தக்காளியோடு வரும். நான்கு இரவு என்னிடம் இருக்கும். ஐந்தாம் நாள் காலி வண்டியில் வீடு போகும். தையலைத் தோலுக்கு அடியில், தானே கரையும் நூலால் போட ஆரம்பித்தேன். பத்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கிறது. பிரிப்பதற்கென்று இன்னொரு பயணம் இல்லை. மயக்கத்திலேயே வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டுவிடுவேன். கட்டணம் 500. எனக்கு மருந்து, நூல், கையுறை என்று அடக்கமே 900 ஆகிறது. அந்தத் துண்டு விழுவதை நகரத்து லாப்ரடார்களின் முழுக் கட்டணம் ஈடுகட்டுகிறது. அதைப் பற்றி எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. ஆனால் 500-ஐ நான் விட மாட்டேன். பணம் கட்டியவர் நாயை வாங்க வந்துவிடுகிறார்.

பட்டினி விஷயத்தில்தான் இன்றுவரை தோற்றுக்கொண்டிருக்கிறேன். முந்தைய இரவு எட்டு மணிக்கு மேல் எதுவும் கொடுக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்வேன். "கொடுக்கவே இல்லை டாக்டரம்மா" என்று சத்தியம் செய்வார்கள். மயக்கத்துக்கு முந்தைய ஊசிக்கு வாந்தி வரவைக்கும் குணம் உண்டு. ஐந்தாவது நிமிடம், உருண்டை குலையாத கேழ்வரகுக் களி மேசை மேல் வந்து விழும். வெளியூர் போகிற பிள்ளையை வெறும் வயிற்றோடு யார் அனுப்புவார்கள்? திட்ட வாயெடுத்து, பல முறை மூடிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு நாய் என் கையில் இறந்தது. சாமந்தித் தோட்டக்காரர் வீட்டு நாய், செவலை, கழுத்தில் சின்ன வெண்கல மணி. அது பருவத்தில் இருந்தது. அந்த நேரத்தில் கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் தடித்திருக்கும், திசுக்கள் நைந்து கொடுக்கும். பருவம் அடங்கும்வரை பொறுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். வண்டி வந்துவிட்டது, திருப்பி அனுப்பினால் மறுபடி வராது என்று செய்துவிட்டேன். இரவு பதினொரு மணிக்கு ஈறு வெளுத்திருந்தது; உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். மறுபடியும் வயிற்றைத் திறந்தேன். சூலகத்தின் அடியில் போட்ட கட்டு நழுவியிருந்தது. கட்டினேன், சலைன் ஏற்றினேன். இரண்டு மணிக்கு முடிந்துவிட்டது.

விடிந்ததும் வண்டியில் அனுப்ப மனம் வரவில்லை. நானே ஸ்கூட்டரில் போனேன். அந்த அம்மா பூப் பறித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். என் தப்பு என்றும் சொன்னேன். மடியிலிருந்த பூவைக் கூடையில் கொட்டிவிட்டு, "மணியைக் கொண்டு வந்தீர்களா?" என்று கேட்டார். நான் கொண்டுபோகவில்லை. மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், உட்காரச் சொல்லவில்லை. அந்த ஊரிலிருந்து எட்டு மாதம் ஒரு நாயும் வரவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள், அந்த எட்டு மாதமும் அவர்கள் மாட்டுக்கு மட்டும் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

பூனைக்குக் கணக்கே வேறு. ஐந்தாவது மாதத்திலேயே சினைபிடித்துவிடும்; குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டே அடுத்த ஈட்டுக்கும் தயாராகிவிடும். இதை ஊருக்கெல்லாம் சொல்கிற என் கிளினிக் பூனை, "அடுத்த வாரம் செய்துவிடலாம்" என்று நான் தள்ளிக்கொண்டே போனதில், மருந்து அலமாரிக்குப் பின்னால் நான்கு குட்டி போட்டது. அண்ணன் ஒரு மாதம் அதைச் சொல்லிச் சிரித்தார்.

2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களைக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்ற உத்தரவு வந்தபோது, இங்கேயும் டீக்கடையில் அதே பேச்சு. "இனி எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களாமே, எதற்கு 500 செலவு?" என்று இரண்டு பேர் பதிவை ரத்து செய்தார்கள். 11-ஆம் தேதி வந்த உத்தரவு 22-ஆம் தேதியே மாறியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்தபின், வெறிநோய் கண்டதும் மூர்க்கமானதும் தவிர மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றார்கள். பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றுதான் 2023-இன் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும் சொல்கின்றன. அந்த விதிகளின்படி தெருநாய் உள்ளாட்சியின் பொறுப்பு. விலங்கு நல வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற அமைப்புகள்தான் அவற்றுக்குக் கருத்தடை செய்யலாம். என் போன்றோருக்கு வீட்டு நாய் மட்டும். கிராமத்தில் அந்தக் கோடு எங்கே இருக்கிறது? நாலு வீட்டில் களி தின்னும் நாய் ஆட்டைக் கடித்தால் யாருடையதும் அல்ல. ஆகவே என் பதிவேட்டில் முதல் கேள்வி, "யார் பெயரில் எழுதட்டும்?" என்பதுதான். பெயர் சொல்ல யோசிப்பார்கள். சொன்ன பிறகு அந்த நாய்க்கு ஒரு வீடு இருக்கிறது.

இப்போது வாரத்துக்கு ஐந்தாறு வருகின்றன. வண்டிக்காரத் தம்பி கிளம்புவதற்கு முன் போன் செய்வார். போன வாரமும் செய்தார். "அம்மா, நாற்பது பெட்டி, இரண்டு நாய். ஆனால் வண்டிக்குப் பின்னாலேயே மூன்று கடுவன் ஓடி வருது, விரட்டினாலும் போக மாட்டேங்குது."

"வண்டியை நிறுத்து தம்பி. எந்த நாய் என்று பார்த்து, அதை வீட்டிலேயே இறக்கி விட்டுவிட்டு வா. அடுத்த மாதம் நீயே ஏற்றிக்கொண்டு வரவேண்டும், இப்போதே சொல்லிவிட்டேன்."