மசிவது, குழைவது, நமுத்துப் போவது

இன்று துவரம்பருப்பு வேகவே மாட்டேன் என்றது. நாலு விசில் விட்டும், நசுக்கிப் பார்த்தால் நடுவில் கல் மாதிரி ஒரு திட்டு. போர் தண்ணீர்தான் காரணம். அதிலுள்ள கால்சியம், பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பசை போன்ற பெக்டினைப் பிடித்து இறுக்கிவிடும். கேன் தண்ணீர் ஊற்றி மறுபடி வேகவைத்து, மத்தால் கடைந்த பிறகுதான் மசிந்தது.

‘மசிந்தது’ என்று சொன்னபோதுதான் யோசித்தேன். எல்லாவற்றுக்கும் இப்போது ‘சாஃப்ட் ஆயிடுச்சு’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பருப்பு மசியும், மெழுகு இளகும், மாம்பழம் கனியும், மனசு நெகிழும். அந்த நெகிழ்விலிருந்துதான் பிளாஸ்டிக்குக்கு நெகிழி என்று பெயர் வைத்தோம். சோறு குழைந்தால் குறை, வெண்பொங்கல் குழைந்தால் பெருமை. ஆனால் ஒருவர் குழைந்து குழைந்து பேசினால் ஏதோ காரியம் இருக்கிறது என்று அர்த்தம்!

எனக்கு மிகவும் பிடித்தது ‘நமுத்துப் போச்சு’. மழைநாளில் டப்பாவைச் சரியாக மூடாமல் விட்ட முறுக்கு. கடித்தால் சத்தமே வராது, பல்லில் இழுபடும். ஈரக்காற்று ஏறி வந்த அந்த மென்மையை வேறு சொல்லில் அடக்க முடியாது என்றே நினைக்கிறேன். தீபாவளிக்கு வாங்கிய மத்தாப்புக்கும் அதே சொல்தான். என் மகளுக்கு இந்தச் சொல் தெரியவில்லை. இன்று ஒரு முறுக்கைக் கையில் கொடுத்தே சொல்லிக்கொடுத்தேன்.

உங்கள் ஊரில் இதற்கு வேறு சொல் இருந்தால் எழுதுங்களேன், சேர்த்து வைத்துக்கொள்கிறேன்.